சீட்டு கொடுக்கிற கை

1739ஆம் வருடம் ஆகஸ்டு மாதம். அமெரிக்க ஐக்கிய நாடு என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அப்படி ஒன்று அப்போது கிடையாது. கடற்கரையோரம் இங்கிலாந்துக்காரனின் காலனிகள்தான் இருந்தன. அதில் ஒன்று தென் கரோலினா. அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வெள்ளை ஆண்கள் துப்பாக்கியோடுதான் போகவேண்டும். வெறுங்கையோடு போனால் அபராதம்.

கர்த்தரைத் தொழுகிற இடத்தில் துப்பாக்கி எதற்கு? அந்தக் காலனி நெல் விளைகிற பூமி. சேற்றில் இறங்கி நெல்லை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்து விற்கப்பட்ட அடிமைகள். எண்ணிக்கையில் வெள்ளையரைவிட அவர்கள் அதிகம். அவர்களுக்கு வேலை இல்லாத நாள் ஞாயிறு. எசமானர்கள் குடும்பம் குடும்பமாக சர்ச்சுக்குள் மண்டியிட்டிருக்கும் நாளும் அதே ஞாயிறுதான். முழங்காலில் நிற்கிறபோதும் எசமானுக்கு வெளியே நிற்கிறவனைப் பற்றிய பயம். பக்கத்தில் துப்பாக்கி இருந்தால்தான் ஜெபம் வாயில் வரும்.

அந்தச் சட்டத்தின் தண்டனைப் பிரிவு செப்டம்பர் கடைசியில்தான் நடைமுறைக்கு வருவதாக இருந்தது. அதற்குள் செப்டம்பர் 9 வந்துவிட்டது. அதுவும் ஒரு ஞாயிறு. ஸ்டோனோ ஆற்றங்கரையில் ஏறக்குறைய இருபது அடிமைகள் ஒரு கடையை உடைத்துத் துப்பாக்கிகளை எடுத்தார்கள். ஸ்பானியர் ஆண்ட ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டால் விடுதலை என்று தெற்கே நடந்தார்கள். வழியில் ஆட்கள் சேர்ந்தார்கள். இருபதுக்கு மேற்பட்ட வெள்ளையர் செத்தார்கள். அதைவிட அதிகமான கறுப்பர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருடமே, 1740இல், நீக்ரோ சட்டம் வந்தது. வெள்ளைக்காரன் ஒருவன் கூட இருந்தாலொழிய, அல்லது எசமான் எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருந்தாலொழிய, அடிமை துப்பாக்கியைத் தொடக்கூடாது. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு: அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவனுக்கு 100 பவுன் அபராதம். துப்பாக்கியையும் எழுத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டினான். சீட்டு எழுதுகிற கை தன்னுடையதாக மட்டும் இருக்கவேண்டும் என்பதில் அவனுக்கு அவ்வளவு தெளிவு.

இனி 2015க்கு வருவோம். ஜூன் 17. ஸ்டோனோவிலிருந்து அதிகத் தொலைவில்லாத சார்ல்ஸ்டன் நகரம். இமானுவேல் சர்ச்சு. அது கறுப்பர்களின் சர்ச்சு. 1822இல் டென்மார்க் வீசி தலைமையில் அடிமைகள் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார்கள் என்று 35 பேரைத் தூக்கில் போட்டபோது அழிக்கப்பட்டது இந்தச் சபையின் கட்டடம்தான். அந்தச் சர்ச்சில் புதன்கிழமை வேதபாட வகுப்பு. ஒரு வெள்ளை இளைஞன் வந்தான். உட்காரச் சொன்னார்கள். ஏறக்குறைய ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து சுட்டான். ஒன்பது பேர் செத்தார்கள். போதகர் கிளெமென்டா பிங்க்னியும் அதில் ஒருவர். அவர் மாநில செனட் உறுப்பினரும்கூட.

பிணங்களை அடக்கம் பண்ணுவதற்கு முன்னாலேயே தேசிய ரைஃபிள் சங்கத்தின் இயக்குநர் குழு உறுப்பினர் ஒருவர் எழுதினார். என்ன எழுதினார்? பெர்மிட் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கு எதிராக ஓட்டுப் போட்டவர் இந்தப் போதகர்; சபையாரைத் துப்பாக்கியோடு வரவிட்டிருந்தால் மற்ற எட்டுப் பேர் பிழைத்திருக்கலாம் என்று. அப்போது தென் கரோலினாவில் இருந்த சட்டப்படி, பெர்மிட் இருந்தாலும் சர்ச்சு நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் உள்ளே துப்பாக்கி கொண்டுபோக முடியாது. ஆகவே செத்தவன்மேலேயே பழி. நம் ஊரில், ‘அந்தத் தெருவழியா அவன் ஏன் போனான்?’ என்று கேட்பார்களே, அதே குரல்தான்.

276 வருடங்கள். முதலில், கறுப்பனுக்குப் பயந்து வெள்ளைக்காரன் துப்பாக்கியோடு சர்ச்சுக்குப் போகவேண்டும் என்றது சட்டம். கடைசியில், வெள்ளைக்காரன் கையால் செத்த கறுப்பனைப் பார்த்து, நீ ஏன் துப்பாக்கியோடு சர்ச்சுக்கு வரவில்லை என்று கேட்கிறது ஒரு குரல். இடையில் நடந்தது என்ன? அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன்.

இதை ஏன் நாம் பேசவேண்டும் என்று சிலர் கேட்கலாம். எங்கள் பக்கத்துக் காலனி ஒன்றில் இரவு நேரத்தில் சட்ட வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. அதில் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் துப்பாக்கி உரிமம் கொடுக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. வாசித்ததும் பையன்களுக்கு முகமெல்லாம் வெளிச்சம். “அண்ணே, அப்ப நம்ம கையிலயும் ஒண்ணு இருக்கலாமா?” என்றான் ஒருவன். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி கேட்டார்: “ஏந் தம்பி, அந்தச் சீட்ட யாரு தர்றது? அவுகதான? அவுகளா நமக்குத் தரப்போறாக?”

பையன் கேட்டதற்கும் பாட்டி கேட்டதற்கும் என்னிடம் உடனே பதில் இல்லை. கறுப்பர்களின் வரலாற்றில் தேடினேன்.

விலக்கு யாருக்கு?

முதலில் விவாதம் என்னவென்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் சில இடங்களுக்குத் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது என்று சட்டங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடம், நீதிமன்றம், சில மாநிலங்களில் கல்லூரி, சர்ச்சு, மதுக்கடை. ‘துப்பாக்கி இல்லாத வட்டாரம்’ என்று அதற்குப் பெயர். துப்பாக்கியை உடுப்புக்குள் மறைத்து எடுத்துச் செல்ல அரசு தருகிற சீட்டு ஒன்று இருக்கிறது. பெர்மிட். அந்தப் பெர்மிட் வைத்திருப்பவனுக்கு இந்த வட்டாரங்களில் விலக்கு கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் சண்டை. கொடுக்கவேண்டும் என்பவர்கள் சொல்வது: போக்கிரி போர்டைப் படித்துவிட்டுத் துப்பாக்கியை வெளியில் வைத்துவிட்டு வரமாட்டான். சட்டத்தை மதிக்கிற நல்லவன் மட்டும்தான் வெறுங்கையோடு நிற்பான். கூடாது என்பவர்கள் சொல்வது: துப்பாக்கி கூடக்கூடச் சாவுதான் கூடும், வகுப்பறையில் வாத்தியாரும் மாணவரும் பயந்துகொண்டே பேசவேண்டியிருக்கும்.

இரண்டு தரப்பிலும் நியாயம் தெரிகிறது. ஆனால் இரண்டு தரப்பும் ஒரு சொல்லைத் தொடாமலே தாண்டிப் போகின்றன. ‘நல்லவன்’ என்ற சொல். நல்லவன் என்று சொல்லிச் சீட்டுக் கொடுப்பது யார்? தமிழ் படித்தவன் சொல்லைப் பிடித்துத் தொங்குகிறான் என்று தோழர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. தொங்கித்தான் ஆகவேண்டும். விதியில் இருப்பதைக் காட்டிலும் விலக்கில்தான் அதிகாரம் இருக்கிறது. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்று எந்தப் போர்டும் இருந்ததில்லை. ஆனாலும் நம் தாத்தாக்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். ஊர்க்காரன் போட்டுக்கொண்டு நடந்தான். அந்தத் தெரு ‘செருப்பு இல்லாத வட்டாரம்’ நமக்கு மட்டும்.

சீட்டின் கதை

1857இல் டிரெட் ஸ்காட் வழக்கு. அடிமையாக இருந்த ஒரு மனிதர் தனக்கு விடுதலை கேட்டு வழக்காடினார். கறுப்பர்கள் இந்த நாட்டின் குடிமக்களே ஆகமுடியாது என்று தீர்ப்பு எழுதினார் தலைமை நீதிபதி ரோஜர் டேனி. குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டால் என்னென்ன ஆகும் என்று ஒரு பட்டியலும் போட்டார். எந்த மாநிலத்துக்கும் இஷ்டம்போல் போவார்கள், பொதுக்கூட்டம் போடுவார்கள், போகிற இடமெல்லாம் ஆயுதம் எடுத்துச் செல்வார்கள்! இந்தப் பயங்கரங்கள் எல்லாம் நடக்கவேண்டியிருக்கும் என்பதே குடியுரிமை மறுப்பதற்கு ஒரு காரணமாகிவிட்டது.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமைமுறை போயிற்று. அதே வருடம் நவம்பரில் மிசிசிப்பி மாநிலம் சட்டம் போட்டது. ராணுவத்தில் இல்லாத எந்தக் கறுப்பனும், மாவட்ட போலீஸ் குழுவிடம் லைசென்சு வாங்காமல், துப்பாக்கியோ தோட்டாவோ குத்துவாளோ வைத்திருக்கக்கூடாது. 10 டாலர் வரைக்கும் அபராதம். பிடிபட்ட ஆயுதம் யாருக்கு? காட்டிக்கொடுத்தவனுக்கு. எசமான் எழுதிய சீட்டு போய் போலீஸ் எழுதும் சீட்டு வந்தது. எசமானின் மச்சான்தான் போலீஸ்.

1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. மறுபடியும் ஞாயிறு! லூசியானாவில் கால்ஃபாக்ஸ் என்கிற ஊர். தேர்தல் தகராறு. கறுப்பர்கள் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்றார்கள். வெள்ளையர் கூட்டம் பீரங்கியோடு வந்து கட்டடத்துக்குத் தீ வைத்தது. சரணடைந்தவர்களையும் சுட்டது. எத்தனை பேர் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. அறுபதுக்குக் குறைவில்லை, நூற்றைம்பது வரைக்கும் சொல்கிறார்கள். குற்றவாளிகள்மேல் நடந்த வழக்கு 1876இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை மத்திய அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனிமனிதர்கள் அதைப் பறித்தால் நாங்கள் கேட்கமுடியாது என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். தண்டனை பெற்றிருந்தவர்களும் வெளியே வந்துவிட்டார்கள். கீழ்வெண்மணி தெரிந்த நமக்கு இந்தத் தீர்ப்பை விளக்கத் தேவையில்லை.

பிறகு சட்டங்கள் ‘நீக்ரோ’ என்ற சொல்லை விட்டுவிட்டன. எழுத்தில் எல்லாருக்கும் பொது. ஃபுளோரிடாவில் 1893இல் போட்டு 1901இல் திருத்திய சட்டம் அப்படிப்பட்டது. ரிப்பீட்டிங் ரைஃபிளோ கைத்துப்பாக்கியோ வைத்திருக்க மாவட்ட ஆணையர்களிடம் லைசென்சு வாங்கவேண்டும். 100 டாலருக்கு ஜாமீன் கட்டவேண்டும். சாதி இல்லை, நிறம் இல்லை, என்ன அழகான சட்டம்! 1941இல் ஒரு வெள்ளையர் காருக்குள் துப்பாக்கி வைத்திருந்ததற்காக மாட்டிக்கொண்டார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பியூஃபோர்டு என்ற நீதிபதி ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்: டர்பன்டைன் காடுகளிலும் மரக் கூப்புகளிலும் வேலை செய்கிற நீக்ரோக்களின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்குவதற்காகப் போட்ட சட்டம் இது, வெள்ளையர்மேல் பயன்படுத்தும் எண்ணம் எப்போதும் இருந்ததில்லை, பயன்படுத்தியதும் இல்லை. அவர் நல்லவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் உண்மையைச் சொன்னார். ‘பொதுவான சட்டம்’ என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு இந்த நீதிபதி ஞாபகம்தான் வருகிறது.

1956 ஜனவரி 30. அலபாமா மாநிலம் மான்ட்கோமரி. பஸ் புறக்கணிப்பு நடந்துகொண்டிருக்கிறது. மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வெடிக்கிறது. உள்ளே மனைவி, கைக்குழந்தை. கிங் துப்பாக்கி எடுத்துச் செல்லப் பெர்மிட் கேட்டு விண்ணப்பித்தார். கொடுக்கவில்லை. போதகர், டாக்டர் பட்டம் வாங்கியவர், வீட்டில் குண்டு விழுந்தவர். இவருக்கே தகுதி இல்லையென்றால் அந்தச் சீட்டு வேறு யாருக்கு அச்சடித்தது? பிறகு அவர் வீட்டிலிருந்த துப்பாக்கியையும் அகற்றிவிட்டு அகிம்சையில் நின்றார். காந்தியைச் சொல்லி கிங்கை நமக்குக் காட்டுகிறவர்கள் இந்த விண்ணப்பத்தைச் சொல்வதில்லை. அகிம்சையை அவர் தேர்ந்தெடுத்தார் என்பது உண்மை. அதற்கு முன்னால் அரசு அவரை நிராயுதபாணியாக்கியது என்பதும் உண்மை.

எல்லாரும் சீட்டுக்குக் காத்திருக்கவில்லை. வடகரோலினாவின் மன்ரோ நகரத்தில் ராபர்ட் வில்லியம்ஸ் தன் ஆட்களோடு கிளான் கூட்டத்தை எதிர்த்துத் துப்பாக்கியோடு காவலிருந்தார். 1964இல் லூசியானாவில் ‘தற்காப்புக்கும் நீதிக்குமான டீக்கன்கள்’ என்ற அமைப்பு தோன்றியது. சர்ச்சுப் பெயரை வைத்துக்கொண்டு, உரிமைப் போராளிகள் தங்கிய வீடுகளுக்கு இரவில் காவல் காத்தது. அகிம்சை ஊர்வலம் பகலில் நடந்தது. ராத்திரி யாரோ விழித்திருந்தார்கள்.

சிறுத்தைகளும் சட்டசபையும்

கலிஃபோர்னியாவில் 1966இல் கருஞ்சிறுத்தைகள் கட்சி பிறந்தது. பம்பாயில் 1972இல் நாம்தேவ் தசாலும் ஜே.வி.பவாரும் ராஜா தாலேயும் ‘தலித் சிறுத்தைகள்’ என்று பெயர் வைத்தார்களே, அந்தப் பெயரின் தாய். அந்தப் பெயர் தமிழ்நாடு வரைக்கும் வந்து நம் சுவர்களில் ஏறியது. அப்போது கலிஃபோர்னியாவில் துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்வது குற்றமில்லை. சிறுத்தைகள் சட்டப் புத்தகத்தையும் துப்பாக்கியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போலீஸ் வண்டிகளின் பின்னால் போனார்கள். போலீஸ் ஒரு கறுப்பனை நிறுத்தினால் இவர்கள் சட்டம் சொல்லும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான்.

ஆக்லாந்து பகுதிச் சட்டமன்ற உறுப்பினர் டான் மல்ஃபோர்டு உடனே மசோதா கொண்டுவந்தார். குண்டு போட்ட துப்பாக்கியோடு பொது இடத்தில் நடக்கக்கூடாது. 1967 மே 2ஆம் தேதி ஏறக்குறைய 30 சிறுத்தைகள் ஆயுதத்தோடு சாக்ரமென்டோ சட்டசபைக் கட்டடத்துக்குள் போய் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஜூலையில் கவர்னர் ரொனால்டு ரீகன் கையெழுத்துப் போட்டுவிட்டார். பின்னாளில் துப்பாக்கிக்காரர்களின் செல்லப்பிள்ளையான அதே ரீகன்தான். சட்டசபைக் கட்டடமும் துப்பாக்கி இல்லாத வட்டாரமானது.

அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. மறைத்து எடுத்துச் செல்ல லைசென்சு வைத்திருப்பவனுக்குத் தெருத் தடை பொருந்தாது. லைசென்சு தருவது ஷெரீஃப் அல்லது போலீஸ் தலைவர். நல்லொழுக்கமும் தகுந்த காரணமும் இருக்கிறதா என்று அவர்தான் பார்ப்பார். போலீசைக் கண்காணிக்கத் துப்பாக்கி எடுத்தவன், போலீசிடமே போய்ச் சீட்டுக் கேட்கவேண்டும்! பாட்டி கேட்ட கேள்வி இங்கே வந்து நிற்கிறது.

பள்ளிக்கூடத்து வாசல்

1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் பள்ளி வட்டாரச் சட்டம் கொண்டுவந்தது. பள்ளியிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது. 1995இல் லோபஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தள்ளுபடி செய்தது. 1996இல் திருத்தி மறுபடி போட்டார்கள். அதிலும் ஒரு விலக்கு: பள்ளி இருக்கிற மாநிலமே விசாரித்துக் கொடுத்த பெர்மிட் இருந்தால் தடை இல்லை. இதற்கிடையில் 1994இல் இன்னொரு சட்டம். பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவனை ஒரு வருடம் வெளியேற்றவேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு பல பள்ளிகள் சின்னச் சின்னத் தவறுக்கெல்லாம் பிள்ளைகளை வெளியே தள்ளின. அப்படித் தள்ளப்பட்டவர்களில் கறுப்புப் பிள்ளைகள் அவர்களுடைய எண்ணிக்கைக்கு மீறிய அளவில் இருந்தார்கள். ஒரே வாசல். சீட்டு வைத்திருக்கும் பெரியவருக்குச் சட்டம் ஒதுங்கி வழிவிடுகிறது. பிள்ளைக்கு இரக்கமே காட்டுவதில்லை.

விலக்கு வேண்டும் என்பவர்களின் வலுவான கதையையும் சொல்லிவிடவேண்டும். மறைப்பது நேர்மை ஆகாது. 1991 அக்டோபர் 16. டெக்சாசில் கில்லீன் என்ற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஒருவன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வண்டியோடு உள்ளே வந்து 23 பேரைச் சுட்டுக் கொன்றான். சுசானா ஹப் என்ற பெண் தன் அப்பா அம்மாவைக் கண்முன்னால் இழந்தார். அவர் துப்பாக்கி காரில் இருந்தது. சட்டத்துக்குப் பயந்து காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அந்தக் கதையை ஊர் ஊராகச் சொன்னார். 1995இல் டெக்சாசில் பெர்மிட் சட்டம் வந்தது. 2007இல் வர்ஜீனியா டெக் கல்லூரியில் 32 பேர் கொல்லப்பட்ட பிறகு கல்லூரிகளுக்கும் அதே வாதம் பரவியது. டெக்சாஸ் 2015இல் சட்டம் போட்டு 2016 ஆகஸ்டு 1 முதல் பல்கலைக்கழகங்களில் பெர்மிட்காரர்களை அனுமதித்தது. 1966இல் அதே டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக் கோபுரத்தில் ஏறி ஒருவன் சுட்ட நாளின் ஐம்பதாவது ஆண்டு நினைவுநாள் அது. மூன்று பேராசிரியைகள் வழக்குப் போட்டார்கள்; வகுப்பில் சுதந்திரமாகப் பேச முடியாது என்றார்கள். நீதிமன்றம் கேட்கவில்லை.

சுசானா ஹப்பின் துயரத்தை நான் சந்தேகிக்கவில்லை. என் கேள்வி வேறு. காரிலிருந்து துப்பாக்கியை எடுத்து வந்தவர் ஒரு கறுப்பராக இருந்திருந்தால், உள்ளே ஓடிவரும் போலீசின் கண்ணுக்கு அவர் நல்லவராகத் தெரிந்திருப்பாரா?

இதற்கு ஊகம் தேவையில்லை. 2016 ஜூலை 6, மினசோட்டா. ஃபிலான்டோ காஸ்டீல், 32 வயது. ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிற வேலை. பெர்மிட் வைத்திருந்தார். போலீஸ் காரை நிறுத்தியது. என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே மரியாதையாகச் சொன்னார். சில நொடிகளில் ஏழு குண்டுகள். காருக்குள் அவருடைய தோழியும் தோழியின் நான்கு வயதுக் குழந்தையும் இருந்தார்கள். சுட்ட போலீஸ்காரர் 2017 ஜூனில் குற்றமற்றவர் என விடுதலை. பெர்மிட் இருந்தது, ஒழுக்கம் இருந்தது, வார்த்தையில் பணிவு இருந்தது. எதுவும் காப்பாற்றவில்லை. வெள்ளையனுக்கு விலக்காகிற சீட்டு கறுப்பன் கையில் சாவோலையாகிவிட்டது. சார்ல்ஸ்டனில் போதகர்மேல் பழிபோட அத்தனை வேகமாக வாய்திறந்த கூட்டம், சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்த இந்த மனிதனுக்காக அதே வேகத்தில் வாய்திறக்கவில்லை.

2022 மே 14. நியூயார்க் மாநிலம் பஃபலோ நகரில் கறுப்பர்கள் வாழும் பகுதியில் ஒரு மளிகைக் கடை. வெள்ளை இனவெறியன் ஒருவன் பத்துப் பேரைக் கொன்றான். பத்துப் பேரும் கறுப்பர்கள். அங்கே துப்பாக்கியோடு ஒரு காவலர் இருந்தார்; ஓய்வுபெற்ற போலீஸ்காரர். திருப்பிச் சுட்டார். வந்தவன் குண்டு துளைக்காத கவசம் போட்டிருந்தான். காவலரும் பத்தில் ஒருவராகச் செத்தார்.

நீதிமன்றத்தில் வரலாறு

அடுத்த மாதமே, 2022 ஜூன் 23இல், நியூயார்க் பெர்மிட் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தனியான காரணம் காட்டினால்தான் பெர்மிட் என்ற நிபந்தனை போயிற்று. தீர்ப்பு எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ், கறுப்பர், பழமைவாதி. டேனியின் பட்டியலை அவரும் எடுத்துக் காட்டினார். பள்ளிக்கூடம், அரசுக் கட்டடம் போன்ற இடங்களில் தடை செல்லும், ஆனால் நகரம் முழுவதையும் அப்படி அறிவிக்க முடியாது என்றார்.

அந்த வழக்கில் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. நியூயார்க் ஏழைகளுக்காக வாதாடும் அரசுத்தரப்புப் பாதுகாப்பு வழக்கறிஞர்கள், கறுப்பு வழக்கறிஞர்கள், துப்பாக்கிச் சங்கத்தின் பக்கம் நின்று மனுப் போட்டார்கள். துப்பாக்கியை விரும்பியதால் அல்ல. பெர்மிட் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததாகச் சிறைக்குப் போகிற தங்கள் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் கறுப்பரும் லத்தீன் அமெரிக்கரும்தான் என்றார்கள். சீட்டை மறுப்பவனும் போலீஸ், சீட்டு இல்லை என்று பிடிப்பவனும் போலீஸ்.

எதிர்ப்பக்கமும் சுத்தமில்லை. இந்தத் தீர்ப்புக்குப் பிறகு எந்தத் தடையானாலும் பழைய சட்டத்தில் ஆதாரம் காட்டவேண்டியதாயிற்று. ஹவாய் மாநிலத்தில், உரிமையாளர் வெளிப்படையாக அனுமதிக்காவிட்டால் கடைகளுக்குள் துப்பாக்கி கூடாது என்று சட்டம். 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றபோது ஆதாரமாகக் காட்டிய பழைய சட்டங்களில் ஒன்று, 1865இல் லூசியானா போட்டது. தோட்ட முதலாளியின் சம்மதமில்லாமல் அவன் நிலத்தில் ஆயுதத்தோடு நடக்கக்கூடாது என்ற சட்டம். விடுதலையான கறுப்பனை அடக்கப் போட்ட சட்டங்களோடு பிறந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. உயிர்களைக் காப்பாற்றும் நல்ல நோக்கம்தான். ஆனால் அடிமைக்காரன் செய்த செங்கல்லை எடுத்துத்தான் அந்தச் சுவரைக் கட்டவேண்டியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. தெற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பெர்மிட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டன. 2024இல் தென் கரோலினாவும் லூசியானாவும் சேர்ந்தபோது அப்படிப்பட்ட மாநிலங்கள் 29 ஆயின. கறுப்பனுக்குச் சீட்டை மறுக்க நீதிமன்றம் இடம் தராத காலம் வந்ததும் சீட்டே தேவையற்றதாகிவிட்டது. இதை முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பாட்டியிடம் சொன்னால் சிரிப்பார்.

நம் கையில் இருக்கிற வரி

இங்கேயும் கதை உண்டு. 1878 ஆயுதச் சட்டத்தில் இந்தியன் லைசென்சு வாங்கவேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. வெள்ளைக்காரன் போன பிறகும் விலக்கு போகவில்லை. குடகில் குடகு இனத்தவருக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்சு வேண்டாம் என்ற பழைய விலக்கை 2019இல் மேலும் பத்து வருடங்களுக்கு நீட்டித்தார்கள். பிறப்பும் நிலமும் இருந்தால் விலக்கு! 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசைக்குள் எரிப்பதற்கு முன்னால் சுட்ட துப்பாக்கிகள் மிராசுதார்களின் ஆட்கள் கையில்தான் இருந்தன. நம்மவர் கையில் கல்லும் கம்பும்.

இப்போது அந்த இரவு வகுப்புக்குத் திரும்புகிறேன். 1995 விதிகளில் மூன்றாம் விதியை மறுபடி எடுத்து வாசித்தேன். தாழ்த்தப்பட்டவருக்கு உரிமம் கொடுக்கலாம் என்கிற வரி பின்னால்தான் வருகிறது. அதற்கு முன்னால் இரண்டு வரிகள். வன்கொடுமை நடக்கக்கூடும் என்று அடையாளம் கண்ட பகுதியில், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களைத் தேவைப்பட்டால் அரசு ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வைக்கவேண்டும். அவர்களுடையது மட்டுமல்ல, நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் உரிமங்களையும். அடுத்து, கள்ளத் துப்பாக்கிகளை எல்லாம் பறிமுதல் செய்யவேண்டும். அதற்குப் பிறகுதான் நமக்கு உரிமம் என்ற பேச்சு.

நாங்கள் எல்லாரும் கடைசி வரியில் மயங்கி முன்வரிகளைத் தாண்டிப் போயிருந்தோம். 1740இலிருந்து அமெரிக்காவில் போட்ட சட்டங்களில் எத்தனையோ கறுப்பன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்குவதற்கு. ஒடுக்குகிறவன் கையிலிருந்து முதலில் வாங்கு என்று சொல்கிற வரி இங்கே நம் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. சும்மா கிடக்கிறது. உண்மையான துப்பாக்கி இல்லாத வட்டாரம் என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் தொடங்கவேண்டும். காஸ்டீலுக்கு நடந்ததைப் படித்த பிறகு, சீட்டு கிடைத்தால் நாம் பிழைத்துவிடுவோம் என்று அந்தப் பையனிடம் என்னால் சொல்ல முடியாது. நம் கையில் துப்பாக்கியைக் கண்டால் போலீஸ் என்ன செய்யும் என்று அவனுக்கும் தெரியும். கேட்கக்கூடாது என்றும் சொல்லமாட்டேன். கேட்கும் உரிமை கிங்குக்கு இருந்தது, நமக்கும் உண்டு. ஆனால் முதல் கேள்வி அதுவல்ல.

முதல் கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போடலாம். பத்து ரூபாய்தான். கலெக்டர் அவர்களே, இந்த மாவட்டத்தில் வன்கொடுமைப் பகுதி என்று அடையாளம் காணப்பட்ட ஊர்கள் எவை? அந்த ஊர்களில் துப்பாக்கி உரிமம் வைத்திருப்போர் எத்தனை பேர், அதில் தாழ்த்தப்பட்டோர் எத்தனை பேர்? மூன்றாம் விதிப்படி இதுவரை ரத்தான உரிமங்கள் எத்தனை? ஒவ்வொரு காலனியிலிருந்தும் ஒரு மனு போகட்டும். எங்கள் காலனியின் மனுவை அந்தப் பையன்தான் எழுதினான். கையெழுத்துப் போடத் தெரியாது என்று பாட்டி பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். அடிமைக்கு எழுத்து சொல்லித்தரக்கூடாது என்று 1740இல் ஏன் சட்டம் போட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குச் சரியாகப் பிடிபட்டது.